ரிஃபிஃபி: பேச்சில்லாத அரை மணி நேரமும் அதற்கு அப்புறமும்

ரிஃபிஃபி படத்தை எப்போதோ பார்த்தவர்களிடம் கதையைக் கேட்டால் பாதியில் தடுமாறுவார்கள். யாரை யார் சுட்டது, பையனைக் கடத்தியது எதற்கு, கடைசியில் பணப்பெட்டி என்ன ஆனது என்பதெல்லாம் குழம்பியிருக்கும். குடை மட்டும் மறந்திருக்காது. நகைக்கடைக்கு மேலே இருக்கும் வீட்டின் தரையில் திருடர்கள் சத்தம் வராமல் கொத்திக் கொத்தி ஒரு சின்ன ஓட்டை போடுகிறார்கள். அந்த ஓட்டை வழியாக மடக்கிய குடை ஒன்று கீழே இறங்குகிறது. இறங்கியதும் தலைகீழாக விரிகிறது. இனி ஓட்டையைப் பெரிதாக்கும்போது உதிரும் சாந்தும் கல்லும் கடைத் தரையில் விழாது, குடைக்குள் விழும். கீழே இருப்பது லேசான அதிர்வுக்கே அலறும் அலாரம்.

ஜூல்ஸ் டாஸன் இயக்கிய இந்தக் கறுப்பு வெள்ளைப் பிரெஞ்சுப் படம் 1955இல் வந்தது. ஆள் சேர்ப்பது, வேவு பார்ப்பது, ஒத்திகை, வேலை, பிறகு எல்லாம் சிதறிப்போவது என்று கொள்ளைப் படங்களுக்கு இன்று நாம் எதிர்பார்க்கும் வரிசை ஒன்று இருக்கிறதே, அதை ஊன்றிவிட்டதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. முதல் படம் என்று சொல்ல முடியாது. 1950இல் ஜான் ஹூஸ்டன் எடுத்த தி அஸ்ஃபால்ட் ஜங்கிள் படத்திலேயே இந்த வரிசை இருக்கிறது. ஆனால் அங்கே கொள்ளை பத்துப் பன்னிரண்டு நிமிஷத்தில் முடிந்துவிடும். டாஸன் அதை ஏறக்குறைய அரை மணி நேரத்துக்கு நீட்டினார். அந்த அரை மணி நேரத்தில் ஒரு வசனம் கிடையாது, பின்னணி இசையும் கிடையாது.

படத்தைக் கொண்டாடுகிறவர்கள் அந்த அரை மணி நேரத்தைத்தான் பேசுவார்கள். மீதி ஒன்றரை மணி நேரத்தைப் பற்றிப் பேச்சே வராது. அதற்குக் காரணம் இருக்கிறது. இந்தப் படத்துக்கு வேலையைத் தெரிந்த அளவுக்கு மனிதர்களைத் தெரியவில்லை என்பது என் கட்சி. படம் வந்து எழுபது வருஷம் ஆகிவிட்டதால் கதையை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

டோனி ஐந்து வருஷம் சிறையில் இருந்துவிட்டு வந்தவன். தீராத இருமல், கையில் காசில்லை. சீட்டாட்டத்தில் தோற்றுக்கொண்டிருக்கிறான். அவனுடைய நண்பன் ஜோவும், மாரியோ என்ற இத்தாலியனும் ஒரு யோசனையோடு வருகிறார்கள். பாரிஸின் பணக்காரத் தெருவான ரியூ த லா பேயில் இருக்கும் நகைக்கடையின் காட்சிக் கண்ணாடியைப் பட்டப்பகலில் அறுத்து, கையில் கிடைத்ததை வாரிக்கொண்டு ஓடுவது. டோனி மறுத்துவிடுகிறான். பிறகு, தான் உள்ளே இருந்தபோது தன் காதலி மாதோ, பியர் க்ரூத்தர் என்ற இரவு விடுதிக்காரனோடு போய்விட்டாள் என்பது அவனுக்குத் தெரியவருகிறது. அவளை வரவழைத்து அடிக்கிறான். அதற்கு அப்புறம்தான் கொள்ளைக்குச் சம்மதிக்கிறான். ஒரே நிபந்தனை, கண்ணாடி வேண்டாம், பெட்டகத்தையே உடைப்போம். பெட்டகம் திறப்பதில் கைதேர்ந்த செசார் மிலானிலிருந்து வந்து சேர்கிறான்.

இனி படத்தின் நடை மாறுகிறது. தெருவில் எந்த நேரத்தில் யார் நடமாடுகிறார்கள் என்று கணக்கெடுக்கிறார்கள். கடையில் இருக்கும் அதே வகை அலாரத்தைக் கொண்டுவந்து வைத்துக்கொண்டு, எந்தச் சத்தத்துக்கு அலறுகிறது, எதற்கு அடங்குகிறது என்று சோதிக்கிறார்கள். அதன் வாயை அடைக்க வழி என்ன? தீயணைப்புக் கருவியின் நுரை. நுரையைப் பீய்ச்சி நிரப்பிவிட்டால் மணி அடித்தாலும் சத்தம் வெளியே வராது. இதைக் கண்டுபிடிக்கும் இடத்தில் அவர்கள் முகத்தில் தெரியும் சந்தோஷத்தைப் பார்த்தால் திருடர்கள் என்ற நினைப்பே வராது. பழுதான மோட்டாரை ஓடவைத்துவிட்ட மெக்கானிக்குகளைப் போல இருக்கிறார்கள்.

இரவில் வேலை தொடங்குகிறது. மேல் வீட்டில் இருப்பவர்களைக் கட்டிப்போடுகிறார்கள். செசார் நடனக்காரர்கள் போடும் மெல்லிய காலணியை மாட்டிக்கொள்கிறான். சுத்தியலுக்கும் உளிக்கும் துணி சுற்றியாகிவிட்டது. கம்பளத்தைச் சுருட்டிவிட்டுத் தரையைக் கொத்துகிறார்கள். டோனிக்கு இருமல் வருகிறது, வாயைப் பொத்திக்கொள்கிறான். மற்றவர்கள் நின்று அவனைப் பார்க்கிறார்கள். அவ்வளவுதான், திரும்ப வேலை. குடை இறங்குகிறது. ஓட்டை ஆள் நுழையும் அளவு வந்ததும் கயிறு கட்டி ஒருவன் கீழே இறங்கி அலாரத்துக்குள் நுரையை அடிக்கிறான். அப்புறம் பெட்டகம். முன்கதவோடு மல்லுக்கட்டாமல் அதைச் சாய்த்து, பின்பக்கத் தகட்டை வட்டமாக அறுக்கும் கருவியால் சுற்றிச் சுற்றி அறுக்கிறார்கள். விரல் நடுங்குவதும் வியர்வை வழிவதும் தெரிகிறது. மாறி மாறிப் பிடிக்கிறார்கள். ஒருவன் களைத்தால் அடுத்தவன் கேட்காமலே கை நீட்டுகிறான்.

இந்தக் காட்சியை வீட்டில் பார்ப்பவர்களுக்கு ஒன்று புரியும். கொஞ்ச நேரத்தில் நாமே சத்தம் போடாமல் உட்கார்ந்திருப்போம். மின்விசிறியின் கிறீச்சொலி பெரிதாகக் கேட்கும். நாற்காலியை நகர்த்தத் தோன்றாது. ஒரு படம் பார்வையாளனின் மூச்சைக் கட்டுப்படுத்துகிறது என்று விமர்சகர்கள் எழுதும்போது பெரும்பாலும் மிகைப்படுத்துகிறார்கள். இங்கே அது நேரடியாக நடக்கிறது. காரணம் எளிது. இசை இருந்தால் எங்கே பயப்பட வேண்டும் என்று அது சொல்லிக்கொடுத்துவிடும். இசை இல்லாததால் உளியின் ஒவ்வொரு தட்டலையும் நாமே எடைபோட வேண்டியிருக்கிறது. இந்தத் தட்டல் கேட்டிருக்குமா, அது கேட்டிருக்காதா என்று அலாரத்தின் பக்கம் நின்று காதைத் தீட்டிக்கொள்கிறோம்.

இசையமைப்பாளர் ஜார்ஜ் ஓரிக் இந்தக் காட்சிக்கு இசை எழுதத்தான் செய்தார். டாஸன் அவருக்கு இசையோடு ஒரு முறையும் இசையில்லாமல் ஒரு முறையும் போட்டுக் காட்டினார். பார்த்துவிட்டு, இசையை எடுத்துவிடலாம் என்று ஓரிக்கே ஒப்புக்கொண்டாராம். தான் எழுதியதைத் தானே வேண்டாம் என்று சொல்ல எத்தனை பேருக்கு மனசு வரும்?

இன்னொரு விஷயமும் இருக்கிறது. அந்த அரை மணி நேரத்தில் நாம் நல்லவன் கெட்டவன் பார்ப்பதில்லை. நான்கு பேர் ஒரு கடினமான காரியத்தைப் பொறுமையோடு, ஒழுங்காக, ஒருவரை ஒருவர் நம்பிச் செய்கிறார்கள். தச்சு வேலையையோ சிலை வார்ப்பதையோ மணிக்கணக்கில் நின்று பார்க்கும் ஆசை மனிதர்களுக்கு எப்போதும் உண்டு. டாஸன் அந்த ஆசைக்குத் தீனி போடுகிறார். திருட்டு என்பது ஒரு சாக்கு. வேலையின் அழகில் மயங்கிய நம்மை, கடைக்காரன் பக்கம் ஒரு வினாடி கூட யோசிக்கவிடாமல் கூட்டாளியாக்கிவிடுகிறார். அந்த நகைகளின் சொந்தக்காரர் யார் என்று எனக்கு இரண்டாம் முறை பார்த்தபோதும் கேட்கத் தோன்றவில்லை.

டாஸன் இந்தப் படத்துக்கு வந்து சேர்ந்த பாதை இதைப் புரிந்துகொள்ள உதவும். பெயரைப் பார்த்துப் பிரெஞ்சுக்காரர் என்று நினைப்பவர்கள் உண்டு. அவர் 1911இல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில், ரஷ்யாவிலிருந்து குடியேறிய யூதக் குடும்பத்தில் பிறந்து நியூயார்க்கின் ஹார்லெமில் வளர்ந்தவர். 1940களின் கடைசியில் ஹாலிவுட்டில் வரிசையாக நல்ல குற்றப் படங்கள் எடுத்தார். தி நேக்கட் சிட்டி படத்தை நியூயார்க் தெருக்களிலேயே போய் எடுத்தது அப்போது பெரிய விஷயமாகப் பேசப்பட்டது. 1951இல் கம்யூனிஸ்டுகளைத் தேடிக்கொண்டிருந்த அமெரிக்க நாடாளுமன்ற விசாரணைக் குழுவின் முன்னால், சக இயக்குநரான எட்வர்ட் டிமிட்ரிக் இவர் பெயரைச் சொன்னார். அதோடு வேலை போயிற்று. ஐரோப்பாவுக்கு வந்தும் தப்பவில்லை. பிரான்சில் ஒரு படம் தொடங்கவிருந்த நேரத்தில், அமெரிக்காவிலிருந்து வந்த நெருக்கடியால் அவரை நீக்கினார்கள். இப்படி ஐந்து வருஷம் சும்மா இருந்தவரிடம்தான் ரிஃபிஃபி வந்தது.

ஓகுஸ்ட் லெ ப்ரெத்தோன் எழுதிய நாவல் அது. பாரிஸ் நிழலுலகக் கொச்சைமொழியில் எழுதப்பட்டது. டாஸனின் அரைகுறைப் பிரெஞ்சுக்கு அது பிடிபடவில்லை. பிடிபட்ட பகுதியும் பிடிக்கவில்லை. நாவலில் வில்லன்கள் வட ஆப்பிரிக்கர்கள், அந்த இனவெறுப்பு அவருக்கு ஆகவில்லை. அதனால் படத்தில் வில்லன்களை ஐரோப்பியர்களாக மாற்றினார். ஆனால் பணம் வேண்டும். ஒப்புக்கொண்டார். நாவலில் சில பக்கங்களில் முடிந்துபோகிற கொள்ளையைப் படத்தின் கால்வாசியாக்கினார். ஒருவகையில் இது, தனக்குப் பிடிக்காத கதையிலிருந்து ஒளிந்துகொள்ள ஒரு கைத்திறன் மிக்கவர் தேடிக்கொண்ட இடம். தான் வாசித்ததிலேயே மோசமான குற்ற நாவலிலிருந்து, தான் பார்த்ததிலேயே சிறந்த குற்றப் படத்தை டாஸன் எடுத்துவிட்டார் என்று அப்போது விமர்சகராக இருந்த ஃபிரான்சுவா த்ரூஃபோ எழுதினார். பாராட்டுதான். ஆனால் மோசமான நாவல் படத்திலிருந்து முழுசாகப் போய்விடவில்லை. கொள்ளை முடிந்த மறு நிமிஷம் அது திரும்பி வருகிறது.

பணமும் குறைவு. மொத்தச் செலவு சுமார் இரண்டு லட்சம் டாலர், இயக்குநருக்கு எட்டாயிரம். நட்சத்திரங்கள் யாரும் இல்லை. டோனியாக நடித்த ழான் செர்வேயின் மவுசு அப்போது சரிந்திருந்தது. படத்தில் அந்தச் சோர்வு நன்றாகவே உதவுகிறது. கண்ணுக்குக் கீழே தொங்கும் தோலும் உணர்ச்சி காட்டாத குரலும் நடிப்பா நிஜமா என்று பிரிக்க முடியாது. செசாராக நடிக்கவிருந்த இத்தாலிய நடிகர் கிடைக்காமல் போக, பெர்லோ வீட்டா என்ற புனைபெயரில் டாஸனே நடித்தார். வெயில் அடித்தால் படப்பிடிப்பை நிறுத்திவிடுவார். சாம்பல் வானம் வேண்டும், ஈரத் தெரு வேண்டும். தயாரிப்பாளர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். கைகலப்புச் சண்டையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அந்தக் காலத்துப் பிரெஞ்சுக் குற்றப் படங்களுக்குக் கூட்டம் சேர்த்ததே அந்தச் சண்டைகள்தான். பிடிவாதம் வீண்போகவில்லை. சுற்றுலா அட்டைகளில் இல்லாத ஒரு பாரிஸ் இந்தப் படத்தில் இருக்கிறது. குளிரில் காலர் தூக்கிவிட்ட மனிதர்கள், விடியற்காலையின் காலித் தெருக்கள், ஈரத்தில் மின்னும் கற்பாதைகள்.

சரி, உறுத்துகிற பக்கத்துக்கு வருவோம்.

மாதோவை டோனி அடிக்கும் காட்சி படம் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே வருகிறது. தன் பாழடைந்த அறைக்கு அவளைக் கூட்டிவந்து, போட்டிருக்கும் நகைகளையும் ரோம மேலங்கியையும் ஒவ்வொன்றாகக் கழற்றச் சொல்கிறான். பிறகு பெல்ட்டை எடுக்கிறான். கேமரா முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. அடியின் சத்தம் மட்டும் கேட்கிறது. சத்தத்தை எப்படிப் பயன்படுத்த வேண்டும் என்று டாஸனுக்குத் தெரியும், அதனால் காட்சி கண்ணால் காட்டுவதைவிடக் கொடூரமாகவே இருக்கிறது. அந்தக் காலத்துப் படங்கள் அப்படித்தான் என்று இதைத் தள்ளிவிடலாம். டோனி நல்லவன் இல்லை என்று காட்டத்தான் இந்தக் காட்சி என்றும் வாதாடலாம். இரண்டாவது வாதத்தை ஏற்க முடிந்திருக்கும், படம் அதைத் தொடர்ந்து நினைவில் வைத்திருந்தால். வைத்திருக்கவில்லை. அடுத்த காட்சிகளிலேயே டோனி கண்ணியமான மூத்தவனாகிவிடுகிறான். நண்பனின் பிள்ளையைக் கொஞ்சுகிறான், கூட்டாளியின் சாவுக்குப் பெரிய சவ ஊர்வலத்துக்குப் பணம் தருகிறான். கடைசியில் க்ரூத்தர் கும்பல் கடத்திக்கொண்டுபோன அந்தப் பையன் எங்கே இருக்கிறான் என்று கண்டுபிடிக்க அவனுக்கு உதவுவது யார் தெரியுமா? அதே மாதோ. தன் முதுகைக் கிழித்தவனுக்கு அவள் ஏன் உதவ வேண்டும் என்பதற்குப் படம் இரண்டு நிமிஷம் ஒதுக்கியிருக்கக் கூடாதா? அலாரத்தை ஆராய அவ்வளவு பொறுமை இருந்ததே.

மற்றப் பெண்களும் இதே கதிதான். மாரியோவின் மனைவி ஐடா படம் முழுக்கச் சிரிப்பும் கொஞ்சலுமாக வளைய வருகிறாள். பிறகு கணவனோடு சேர்ந்து, நகை எங்கே என்று வாய் திறக்காமல் கொலையாகிறாள். அந்த உறுதி அவளுக்கு எங்கிருந்து வந்தது என்பதற்கு ஒரு கோடு கூடக் கிடையாது. விடுதிப் பாடகி வீவியான் ஒரு பாட்டுப் பாடுகிறாள். ரிஃபிஃபி என்றால் கொச்சைமொழியில் அடிதடி, தகராறு; அந்தப் படத் தலைப்பை விளக்குவதற்கென்றே வைத்த பாட்டு அது. பின்னால் திரையில் நிழல் உருவங்கள் துப்பாக்கியோடு ஆடுகின்றன. கதை அங்கே நின்றுவிடுகிறது. படத்தின் ஓட்டத்தில் கத்தரிக்கோல் போடச் சொன்னால் முதலில் அதில்தான் போடுவேன்.

அந்த வீவியானுக்குக் கொடுக்கத்தான் செசார் ஒரு மோதிரத்தை மற்றவர்களுக்குத் தெரியாமல் பையில் போட்டுக்கொள்கிறான். அவள் பாடுவதோ க்ரூத்தரின் விடுதியில். க்ரூத்தர் டோனியின் எதிரி. மோதிரம் அவன் கண்ணில் படுகிறது, அவ்வளவுதான், எல்லாம் தலைகீழ். பல வருஷம் பெட்டகம் உடைத்துப் பழகிய ஆள் இப்படி ஒரு காரியம் செய்வானா? ஆசை அறிவை மறைக்கும் என்று சொல்லலாம். ஆனால் முந்தின அரை மணி நேரம் நமக்குக் காட்டிய செசார் அப்படிப்பட்டவன் இல்லை. நடனக் காலணி மாட்டிக்கொண்டு, ஒரு தூசு கூடச் சத்தம் போடக் கூடாது என்று நடந்தவன். இந்தக் கதைக்கு ஒரு விரிசல் தேவைப்பட்டது, கையில் கிடைத்தது ஒரு பெண்பித்து. கொள்ளையைத் திட்டமிட்ட கவனத்தில் கால்வாசி அதன் சரிவைத் திட்டமிடுவதில் இல்லை.

க்ரூத்தர் சகோதரர்கள் அதைவிட மோசம். ஒருவன் முதலாளி, ஒருவன் போதை அடிமை, மூன்றாமவனைப் பற்றிச் சொல்ல எதுவும் இல்லை. டோனியும் திருடன், இவர்களும் திருடர்கள். நாம் டோனியின் பக்கம் இருக்க வேண்டும் என்பதற்காகவே இவர்கள் குழந்தை கடத்துகிறார்கள், தொண்டையை அறுக்கிறார்கள். நம்முடைய திருடர்களுக்கு நெறி உண்டு, அவர்களுக்கு இல்லை என்ற இந்தக் கணக்கு நிழலுலகைப் பற்றிய பழைய கற்பனை. டாஸன் பாரிஸ் தெருக்களை இவ்வளவு நிஜமாகக் காட்டியதால்தான் இந்தப் பொய் இன்னும் அதிகமாகத் தெரிகிறது.

இரண்டாம் பாதியில் துப்பாக்கி பேச ஆரம்பிக்கிறது. கொள்ளை நடந்த இரவில் ஒரு குண்டு கூட வெடிக்கவில்லை என்பதை இங்கே நினைத்துப் பார்க்கலாம். அவ்வளவு அமைதியாகச் சம்பாதித்ததை அவ்வளவு சத்தத்தோடு இழக்கிறார்கள். இதை வேண்டுமென்றே செய்த முரண் என்று படிப்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கும் அது ஓரளவு சரியென்றே படுகிறது. ஆனால் நோக்கம் நன்றாக இருந்தாலும் பார்க்கும்போது சலிப்புத்தான் வருகிறது. ஒருவன் சாக, அடுத்தவன் சாக, குற்றவாளி பிழைக்கக் கூடாது என்ற கணக்குத் தீர்க்கப்படுகிறது. ஹாலிவுட்டில் அதைக் கட்டாயப்படுத்தும் தணிக்கை விதிகள் இருந்தன. அவற்றிலிருந்து தள்ளி வந்த பிறகும் டாஸன் அதே வாய்ப்பாட்டை ஒப்பிக்கிறார்.

இந்தப் பாதியில் ஒரு காட்சி மட்டும் தனியாக நிற்கிறது. டோனி விடுதிக்குள் புகுந்து தேடும்போது, மேடைச் சாமான்களுக்கு நடுவில் செசார் தூணில் கட்டப்பட்டுக் கிடக்கிறான். தான்தான் காட்டிக்கொடுத்தேன் என்று ஒப்புக்கொள்கிறான். பயந்துவிட்டேன் என்கிறான். டோனிக்குக் கோபம் இல்லை. உன்னை எனக்குப் பிடிக்கும், ஆனால் விதி என்னவென்று உனக்கே தெரியும் என்கிற மாதிரி ஏதோ சொல்கிறான். செசாருக்கும் தெரிகிறது. டோனி பின்னால் நகர்ந்துகொண்டே சுடுகிறான்.

செசாராகக் கட்டுண்டு நிற்பது டாஸன் என்பதை இங்கே மறக்க முடியாது. நண்பர்கள் பெயர் சொன்னதால் நாடும் தொழிலும் இழந்தவர், பெயர் சொன்னவனின் பாத்திரத்தைத் தானே ஏற்று, தன்னையே சுட்டுக்கொல்ல வைக்கிறார். நாவலில் இல்லாத கனம் இது. அந்தக் காட்சியை எடுக்கும்போது அமெரிக்காவில் தன்னைக் காட்டிக்கொடுத்த நண்பர்கள் நினைவில் இருந்தார்கள் என்று டாஸன் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். இதைப் பழிவாங்கல் என்று எடுத்துக்கொள்ளலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பழிவாங்க நினைப்பவர் காட்டிக்கொடுப்பவனுக்கு அவ்வளவு பாவமான முகத்தைக் கொடுக்க மாட்டார், அதுவும் தன்னுடைய முகத்தை. விதி கொடூரமானது, பயந்தவனும் மனிதன்தான் என்ற இரண்டையும் காட்சி ஒன்றாகப் பிடித்துவைத்திருக்கிறது. மோதிரம் என்ற நம்பமுடியாத சாக்கின் வழியாக இப்படி ஒரு இடத்துக்கு வந்துசேர்வது வேடிக்கைதான். கதை பலவீனமாக இருந்த இடத்தில் இயக்குநரின் சொந்தக் காயம் வந்து முட்டுக்கொடுக்கிறது.

பெண்களைப் படம் கவனிக்கவில்லை என்றேன். ஒரு விலக்கு உண்டு. பையன் கடத்தப்பட்ட பிறகு ஜோவின் மனைவி லூயீஸ் தன் கணவனிடம் ஒன்று கேட்கிறாள். உன்னைப் போல வறுமையில் வளர்ந்த பிள்ளைகள் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள், அவர்கள் எல்லோரும் ரௌடியாகவில்லை, நீ மட்டும் ஏன் ஆனாய்? கடைசியில், அவர்கள்தான் உண்மையான தைரியசாலிகள், நீ இல்லை என்கிறாள். ஜோவிடம் பதில் இல்லை. படத்திடமும் இல்லை. ஆண்களின் மரியாதை, நெறி, வாக்கு என்று அதுவரை தூக்கிப்பிடித்த எல்லாவற்றையும் ஒரு பெண் நான்கு வரியில் போட்டு உடைத்துவிடுகிறாள். அதற்கு அப்புறம் கதை அந்தக் கேள்வியைத் தாண்டி ஓடிவிடுகிறது. டாஸனுக்கு இது தெரியாமல் இல்லை என்பதற்கு இந்தக் காட்சியே சாட்சி. தெரிந்தும் கதையின் போக்குக்கு விட்டுக்கொடுத்திருக்கிறார்.

முடிவுக்கு வந்தால் படம் மறுபடியும் தலைநிமிர்கிறது. டோனி பையனை மீட்டுவிடுகிறான். அதற்குள் ஜோ பயந்துபோய்ப் பணத்தோடு க்ரூத்தரின் வீட்டுக்குப் போய்ச் செத்துவிடுகிறான். டோனி க்ரூத்தரைச் சுட்டுக் கொல்கிறான், தானும் குண்டு வாங்கிக்கொள்கிறான். பக்கத்தில் கௌபாய் உடுப்பில் பையன், பின்னால் 12 கோடி ஃபிராங்க் பணப்பெட்டி. ரத்தம் வழிய வழியப் பாரிஸை நோக்கிக் காரை ஓட்டுகிறான். பையனுக்கு எதுவும் புரியவில்லை. பொம்மைத் துப்பாக்கியை நீட்டி விளையாடுகிறான். மரங்களும் வானமும் தலைக்கு மேலே சுழல்கின்றன. மறுபடியும் வசனம் இல்லை. கை, ஸ்டீயரிங், சாலை. ஒரு மனிதன் ஒரு வேலையை முடிக்கப் பார்க்கிறான். கொள்ளைக் காட்சியில் பார்த்த அதே டாஸன் இங்கே திரும்பி வந்துவிடுகிறார். அவரிடம் ஒரு செயலைக் கொடுத்தால் போதும், உச்சத்துக்குக் கொண்டுபோய்விடுவார். விளக்கம் கேட்டால்தான் தடுமாறுகிறார்.

1955 கான் விழாவில் டாஸனுக்குச் சிறந்த இயக்குநர் விருது கிடைத்தது, வேறொருவரோடு பகிர்ந்துகொண்டார். அமெரிக்காவில் வெளியிட ஒரு நிபந்தனை போட்டார்கள். பழைய அரசியல் தொடர்புகளுக்காக வருத்தம் தெரிவிக்க வேண்டும், இல்லையென்றால் பெயரை எடுத்துவிடுவோம். அவர் மறுத்தார். கடைசியில் யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் இதற்கென்றே பெயருக்கு ஒரு கம்பெனியை வைத்துப் படத்தை வெளியிட்டது. டாஸனின் பெயர் திரையில் இருந்தது.

பின்னால் வந்தவர்கள் ஆளுக்கு ஒன்றை எடுத்துக்கொண்டார்கள். முதலில் ரிஃபிஃபியை இயக்குவதாக இருந்த ழான்-பியர் மெல்வில், 1970இல் லெ செர்க்கிள் ரூஜ் படத்தில் பேச்சில்லாத நீண்ட நகைக்கடைக் கொள்ளை ஒன்றை வைத்தார். அந்தக் கடை இருப்பது பிளாஸ் வாந்தோம் சதுக்கம், ரியூ த லா பே தொடங்கும் இடம். டாஸனே 1964இல் டாப்காப்பி எடுத்தார். வண்ணம், இஸ்தான்புல், நகைச்சுவை, கயிற்றில் தொங்கி இறங்கும் திருடன். 1996இல் மிஷன் இம்பாசிபிள் படத்தில் டாம் க்ரூஸ் தொங்குவது அந்தக் கயிற்றில்தான் என்று சொல்லலாம். ஆனால் பெரும்பாலான வாரிசுகள் கருவிகளை மட்டும் கொண்டுபோனார்கள். லேசர் வந்தது, கணினி வந்தது, வேலையின் களைப்பு போய்விட்டது. வியர்க்காத கொள்ளைக்காரனைப் பார்ப்பதில் எனக்கு அவ்வளவு ருசி இல்லை.

ரிஃபிஃபியின் குறைகளைச் சரியாகப் பிடித்தவர் ஒரு இத்தாலியர். மாரியோ மொனிச்செல்லி 1958இல் எடுத்த இ சோலிதி இன்யோத்தி ஒரு நையாண்டிப் படம். ரோமில் நான்கைந்து ஏழைகள் அடகுக்கடைப் பெட்டகத்தை உடைக்கத் திட்டமிடுகிறார்கள். துணி காயும் மொட்டைமாடியில், பழம் தின்று கொட்டை போட்ட திருடராக வரும் நகைச்சுவை நடிகர் தோத்தோ, பெட்டகம் உடைப்பது எப்படி என்று வகுப்பெடுக்கிறார். ஒருவன் மனைவி சிறையில் இருப்பதால் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டே கூட்டத்துக்கு வருகிறான். வேலை நடக்கும் இரவில் தப்பான சுவரை உடைத்துவிடுகிறார்கள். அந்தப் பக்கம் இருப்பது அதே வீட்டின் சமையலறை. அங்கே இருந்த பாஸ்தாவையும் கொண்டைக்கடலையையும் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுக் கிளம்புகிறார்கள். லூயீஸ் கேட்ட கேள்வியை இந்தப் படம் விட்டு ஓடவில்லை. இவர்கள் ஏன் திருடப் போனார்கள், வீட்டில் என்ன நிலைமை, இவர்களுக்கு வேறு என்ன வேலை கிடைக்கும் என்பதுதான் படமே. விடிந்ததும் போலீஸ் கண்ணில் படாமல் இருக்க, கூட்டத் தலைவனும் ஒரு கிழவனும் கூலி வேலைக்கு நிற்கும் வரிசைக்குள் நுழைந்துகொள்கிறார்கள். கிழவன் நழுவிவிடுகிறான். தலைவனைக் கட்டட வேலைக்குள் தள்ளிக் கதவைச் சாத்திவிடுகிறார்கள். உள்ளே வேலை செய்ய வேண்டியிருக்கும் என்று கிழவன் வெளியே நின்று பதறுகிறான்.